பழைய வெள்ளி–காரீயச் சுரங்கத்தை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைவிடப்பட்ட சுரங்கத்தில் இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி, தோண்டியவர்கள் வேண்டாமென்று விட்டுப்போனது. வேண்டியதை அவர்கள் அப்போதே எடுத்து உருக்கி விற்றுவிட்டார்கள். இதை மறந்துவிட்டு, எஞ்சிய கல்லை வைத்தே சுரங்கத்தின் வளத்தையும் வயதையும் கணிக்கப் போகும்போதுதான் தவறுகள் அடுக்கடுக்காக வருகின்றன.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'ஈயம்' என்று மட்டும் எழுதினால் போதாது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வெள்ளியோடு சேர்ந்து கிடைப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். களத்திலேயே இந்தத் தடுமாற்றம் நடந்திருக்கிறது. 1883இல் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் சார்லஸ் ராஸ்ப், கருத்த பாறைமுகடு ஒன்றை வெள்ளீயத் தாது என்று எண்ணித்தான் உரிமை பதிந்தார். உண்மையில் அது, மாங்கனீசும் இரும்பும் துருவாகப் படிந்த காரீய–வெள்ளித் தாதுவின் மேல்முகம். தொடக்கத்தில் கிடைத்த மாதிரிகள் ஏமாற்றம் தந்தன. வெள்ளிக் குளோரைடு பிறகுதான் தென்பட்டது.

வெள்ளியைக் கண்ணால் தேடுவது

இத்தகைய சுரங்கங்களின் முக்கியத் தாது கலீனா, அதாவது காரீயச் சல்பைடு. எடையில் 86.6% காரீயம். அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ 7.5 மடங்கு, உடைத்தால் கனசதுரங்களாகப் பிளந்து பளபளக்கும். அந்தப் பளபளப்பு வெள்ளியுடையது அன்று. வெள்ளி, கலீனாவுக்குள் நுண்ணிய வேறு கனிமத் துணுக்குகளாகவோ படிகத்தினுள் கரைந்தோ ஒளிந்திருக்கும். ஒரு டன் காரீயத்துக்கு 500 கிராம் வெள்ளி இருந்தால், ஒரு கிலோ தூய கலீனாவில் கிடைப்பது 0.43 கிராம். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

நுண்மணிக் கலீனாவில் வெள்ளி அதிகம், பெரும்படிகத்தில் குறைவு என்று பழைய சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு விதி சொல்வார்கள். சில இடங்களில் பொருந்தும், பல இடங்களில் பொய்க்கும். ஆய்வுக்கூடச் சோதனைக்கு அது மாற்றாகாது.

பாறை வகையைப் பார்க்காமல் விடுவதும் தவறு. சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற பாறைகளில் 200 டிகிரி செல்சியசுக்குக் கீழான உப்புநீர் படியவைத்த காரீயத்தில் பொதுவாக வெள்ளி மிகக் குறைவு; அமெரிக்காவின் மிசூரிப் பகுதித் தாதுக்கள் இதற்குப் பெயர்போனவை. குவார்ட்ஸ், கால்சைட், பேரைட் ஆகியவை பட்டை பட்டையாகப் படிந்த நரம்புகளில் (பாறைப் பிளவை நிரப்பிய கனிமப் படிவுகளில்), அதுவும் ஆன்டிமனி கலந்த கனிமங்கள் கூட இருந்தால், வெள்ளிக்கு வாய்ப்பு கூடும்.

மேலே கண்டதைக் கீழேயும் எதிர்பார்ப்பது

நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே காற்றும் மழைநீரும் கலீனாவை மாற்றிவிடும். அங்கே காரீய சல்பேட்டான ஆங்கிளசைட், காரீய கார்பனேட்டான செருசைட், சில இடங்களில் வெள்ளிக் குளோரைடு ஆகியவை இருக்கும். வெள்ளி கரைந்து இறங்கி ஓர் அடுக்கில் செறிவதும் உண்டு. அந்த அடுக்கு தீர்ந்ததும் கீழே மெலிந்த சல்பைடுதான். மேல்மட்டக் கணக்கைக் கொண்டு ஆழத்துக்கும் மதிப்பிட்டு முதல் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

செருசைட்டை அடையாளம் காணாமல் விடுவதும் பழைய கதைதான். அமெரிக்காவின் கொலராடோவில், இன்றைய லெட்வில் நகரருகே 1860இல் தங்கம் அலசியவர்களுக்குக் கனத்த கருமணல் பெரும் தொல்லையாக இருந்தது. அது வெள்ளி கலந்த செருசைட் என்று 1870களின் நடுவில்தான் தெரிந்தது. எடை கனமாக இருக்கும் எந்தக் 'குப்பை' மணலையும் சோதிக்காமல் தள்ளக்கூடாது.

மாதிரி எடுப்பதும் சோதிப்பதும்

கழிவுக் குவியலிலிருந்து அழகான துண்டைப் பொறுக்கி அனுப்பினால், வருவது அந்தத் துண்டின் கணக்கு. நரம்பின் கணக்கு வராது. நரம்புக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை, 5–10 செ.மீ. அகலமும் 2–3 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரே சீரான பள்ளம் வெட்டி, அதில் உதிர்ந்த அத்தனையையும் அனுப்ப வேண்டும். மென்மையான கலீனா அதிகமாக உதிரும், கடினமான குவார்ட்ஸ் குறைவாக உதிரும். பள்ளம் சீராக இல்லாவிட்டால் முடிவு தாதுவின் பக்கம் சாய்ந்துவிடும். அகலத்தைச் சாய்வாக அளப்பதும் இதே வகைப் பிழை: நரம்பை 30 டிகிரி கோணத்தில் கடந்தால் உண்மை அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணிகள். உயர்வெள்ளி மாதிரியை இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் வெள்ளி குளோரைடாக வீழ்படிந்து, அளவு குறைவாகக் காட்டும். உலைச் சோதனையில் சேர்க்கும் மிருதார்சிங்கியிலேயே (காரீய ஆக்சைடு) கொஞ்சம் வெள்ளி இருக்கலாம். ஆகவே தாது இல்லாத வெற்றுச் சோதனை ஒன்றையும் கூடவே ஓட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஏடுகளை அப்படியே நம்புவது

'டன்னுக்கு 20 அவுன்ஸ்' என்ற வரியைப் பார்த்ததும் கிராமுக்கு மாற்றிவிடாதீர்கள். வெள்ளிக்கான டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். பிரிட்டிஷ் நீள டன் 1,016 கிலோ, அமெரிக்கக் குறு டன் 907 கிலோ. ஒரு அவுன்ஸ் என்பது முதலாவதில் 30.6 கிராம்/டன், இரண்டாவதில் 34.3. அதைவிடப் பெரிய கேள்வி, எதன் டன் என்பது. பாறையா, கழுவிப் பிரித்த தாதுவா, உருக்கிய காரீயமா? ஏடுகளில் பெரும்பாலும் இருப்பது விற்ற தாதுவின் கணக்கு. தோண்டிய பாறையில் டன்னுக்கு இருந்த வெள்ளியோ அதில் சிறு பங்குதான்.

'வெள்ளி இல்லை' என்ற குறிப்புக்கும் காலம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். காரீயத்தைக் காற்றுப்பட உருக்கி, மிருதார்சிங்கியாக்கி வெள்ளியை மிச்சப்படுத்தும் பழைய புடமுறைக்கு விறகும் இழப்பும் அதிகம். 1833இல் உருகிய காரீயத்தை மெல்ல ஆற்றிப் படிகமாக்கிப் பிரிக்கும் பாட்டின்சன் முறையும், 1850இல் துத்தநாகத்தைக் கொண்டு பிரிக்கும் பார்க்ஸ் முறையும் வந்தபின் வெள்ளி குறைந்த காரீயத்திலிருந்தும் அதை எடுப்பது கட்டுபடியாகியது. அதற்கு முந்தைய ஏட்டில் 'இல்லை' என்றால், 'எடுத்தால் செலவுக்குக் கட்டாது' என்பதே பொருளாக இருக்கலாம். உருக்கிய பின் எஞ்சிய கசடில் வெள்ளி தென்படாததும் சான்றாகாது. உருக்கும்போது வெள்ளி காரீயத்தோடு போய்விடும். பார்க்க வேண்டியது, மிருதார்சிங்கி ஊறிய உலைத்தளத் துண்டுகளை.

தாது தீர்ந்துதான் சுரங்கம் மூடப்பட்டது என்பதும் அவசர முடிவு. நீர் இறைக்கும் செலவு, விலை வீழ்ச்சி இரண்டும் சுரங்கங்களைக் கொன்றிருக்கின்றன. 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்தியா தன் நாணயச் சாலைகளை வெள்ளிக்கு மூடியதும் விலை சரிந்து, கொலராடோவில் சுரங்கங்கள் வரிசையாக நின்றன. தாது கீழே அப்படியே கிடந்தது.

சுவரைப் பார்த்து வயது சொல்வது

தீமூட்டிப் பாறையை விரிசலாக்கிய சுவர் வழவழப்பாக, குழிந்து இருக்கும். உடனே 'பண்டைக்காலம்' என்பார்கள். நார்வேயின் கோங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்தில் இந்த முறை 19ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. வெடிமருந்து வைக்கத் துளைத்த தடங்கள் இன்னும் நம்பகமானவை: ஐரோப்பியச் சுரங்கத்தில் வெடிமருந்தின் பெயர்பெற்ற ஆரம்பப் பதிவுகளில் ஒன்று 1627, இன்றைய ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா ஸ்தியாவ்நிட்சாவில். ஆனால் பிற்காலத்தார் பழைய வழியை அகலப்படுத்தியிருப்பார்கள். மூத்த தடம் கூரை மூலையில் மட்டும் மிஞ்சும். கரித்துண்டின் கார்பன் வயது மரவளையம் வளர்ந்த ஆண்டைத்தான் சொல்லும். முதிய மரத்தின் வைரத்தை (உட்கட்டையை) எரித்திருந்தால், உண்மையைவிடப் பல பத்தாண்டு பழையதாகக் காட்டும்.

உள்ளே போவதும் கழிவுமேட்டில் நடப்பதும்

மெழுகுவர்த்தி எரிந்தால் காற்று நல்லது என்று கொள்வது உயிரைப் பறிக்கும். சுடர் அணைய ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 16–17 சதவீதமாக இறங்க வேண்டும். பைரைட் (இரும்புச் சல்பைடு) துருவேறி ஆக்சிஜனை உண்ணும் இடத்தில் அடுத்த சில அடிகளிலேயே அதைவிடக் கீழே போகலாம். தேங்கிய நீரைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. தரை போலத் தெரிவது, மக்கிய மரக்கட்டை மேல் கொட்டிய கழிவாக இருக்கலாம். எண்ணெய் கசிந்த டைனமைட்டைக் கண்டால் தொடாமல் வெளியேறிக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வெளியே உள்ள மணல்மேட்டைப் பாதுகாப்பென்று எண்ணுவதும் பிழை. கலீனா எளிதில் கரையாது. அது துருவேறி ஆன செருசைட் தூசியோ வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் சேரும். காலணியும் உடையும் வீட்டுக்குள் போகுமுன் தனியாகத் துவைக்கப்பட வேண்டும், குழந்தைகளை அங்கே விளையாட விடக்கூடாது. ஊற்றுநீர் தெளிவாக இருப்பதாலும் ஏமாறக்கூடாது. சுண்ணாம்புப் பாறையில் காரீயம் நீரில் குறைந்தாலும் துத்தநாகமும் காட்மியமும் நிறமில்லாமல் கரைந்து ஓடும்.