பூச்சிமாவின் செரிமானச் சோதனை: கைட்டினைத் தனியாக எண்ணுங்கள்

நாய், பூனைத் தீவனத்துக்கென்று பூச்சிமாவு லேபுக்கு வந்தால், எந்தச் சூட்டில் உலர்த்தினீர்கள் என்று அனுப்பியவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வேன். சூடு மிஞ்சினால் செரிமானம் குறையும். பழி பூச்சியின்மேல் விழும்.

மாவை 1 மி.மீ. சல்லடையில் இறங்கும்படி அரையுங்கள். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் கொழுப்பு அதிகம். பெட்ரோலியம் ஈதரில் எடுத்துவிடாவிட்டால் கட்டிதட்டும், வடிகட்டும்போது அடைக்கும்.

செரிமானம் இரண்டு கட்டம். முதலில் பிஎச் 2-இல் பெப்சின் (இரைப்பையில் புரதத்தை உடைக்கும் என்சைம்), 39 டிகிரி, 2 மணி நேரம்: இது இரைப்பை. பிறகு பிஎச்சை 6.8-க்கு ஏற்றி பாங்கிரியாட்டின் (கணைய என்சைம்களின் கலவை), 4 மணி நேரம்: இது சிறுகுடல். குடுவையை விடாமல் ஆட்ட வேண்டும். பாக்டீரியா புகாதிருக்க ஆரம்பத்திலேயே கொஞ்சம் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக். கடைசியில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்த்து அரை மணி வையுங்கள். கரைந்தும் செரிக்காமல் நிற்கும் புரதம் படியும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, எச்சத்தை கெல்டாலுக்கு (மொத்த நைட்ரஜனை அளக்கும் சோதனை) அனுப்புங்கள். மாவு போடாத பிளாங்க் கட்டாயம், ஏனென்றால் என்சைமே புரதம்தான். அதன் நைட்ரஜனும் எச்சத்தில் ஏறும்.

பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூச்சியின் தோலில் உள்ள, புரதமல்லாத கைட்டினில் ஏறத்தாழ 6.9 சதவீதம் நைட்ரஜன். கெல்டாலுக்கு அது புரத நைட்ரஜனா கைட்டின் நைட்ரஜனா என்று தெரியாது. நைட்ரஜனைப் புரதமாக மாற்ற வழக்கம்போல 6.25-ஆல் பெருக்கினால் மாவில் புரதம் கூடித் தெரியும். இந்த என்சைம்களுக்கு கைட்டின் அசையாது என்பதால் எச்சத்திலும் அது அப்படியே நின்று செரிமானத்தைக் குறைத்துக் காட்டும்.

ஆகவே மாவில் ஏடிஎஃப் நாரை (அமிலச் சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்தும் கரையாமல் மிஞ்சுவது) எடுத்து, அதன் சாம்பலையும் நைட்ரஜனையும் அளவிடுங்கள். சாம்பல் நீக்கிய நாரில் இருப்பது கைட்டினும் அதோடு பிணைந்த புரதமும் என்று கொண்டால்: கைட்டின் = (0.16 × நார் − நார் நைட்ரஜன்) ÷ 0.091.

ஒரு கற்பனைக் கணக்கு. 1 கிராம் மாவில் நைட்ரஜன் 80 மி.கி., சாம்பல் நீக்கிய நார் 100, நார் நைட்ரஜன் 8.7. கைட்டின் சுமார் 80 மி.கி.; அதன் நைட்ரஜன் 5.5. பிளாங்க் கழித்த எச்ச நைட்ரஜன் 14 என்றால் வழக்கமான கணக்கில் செரிமானம் 82.5 சதவீதம். இரு பக்கமும் 5.5-ஐக் கழித்தால் 74.5-இல் 66 செரித்திருக்கிறது, அதாவது 88.6. புரதமோ 50-லிருந்து 46.6 சதவீதத்துக்கு இறங்குகிறது. நார் நைட்ரஜன் முழுவதையும் கழித்துவிடாதீர்கள்; தோலோடு இறுகிய புரதம் நிஜமாகவே செரிக்காதது, அதை மறைப்பது ஏமாற்று. அறிக்கையில் இரண்டு கணக்கின் எண்களையும் போடுவேன். விற்பவர்கள் உயர்ந்த புரதத்தையும் உயர்ந்த செரிமானத்தையும் மட்டும் பொறுக்கி எடுக்கப் பார்ப்பார்கள். ஒரே கணக்கிலிருந்து இரண்டும் வராது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கேசீன் என்ற பால் புரதத்தையும் கூடவே ஓட்டுங்கள். அது ஏறக்குறைய முழுதாகச் செரிக்க வேண்டும். செரிக்காவிட்டால் அன்றைய மாதிரிகள் எதையும் நம்பாமல், புது என்சைம் கரைத்து மறுபடி ஆரம்பியுங்கள்.