கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

கம்பளம் துவைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என்னிடம் தேய்ந்து வருபவை குறைவு. தேய்த்துக் கெடுத்தவைதான் அதிகம். இன்னொரு வகை, வாங்கும்போதே ஏமாந்தவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் எல்லோரும் மேல்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நான் மூலையைப் பிடித்துப் புரட்டுவேன். கையால் முடிச்சுப் போட்டதென்றால் மேலே உள்ள டிசைன் பின்பக்கமும் அப்படியே தெரியும், முடிச்சு வரிசை லேசாக ஏறி இறங்கியிருக்கும். குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்காது. பாவு நூலே, அதாவது நீளவாக்கில் ஓடும் அடி நூலே, நீண்டு வெளியே வந்திருக்கும். வரிசை இம்மி பிசகாமல் இருந்தால் மெஷின் நெசவு. பின்பக்கத்தைத் துணி ஒட்டி மறைத்திருந்தால் அது டஃப்டட் ரகம். விரித்துக் கட்டிய துணியில் நூலைக் கருவியால் குத்தி இறக்கி, லேடெக்ஸ் பசை பூசி, மேலே இன்னொரு துணி ஒட்டியிருப்பார்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பசை உள்ளவரைதான் கம்பளம். பசை காய்ந்து உதிர ஆரம்பித்தால் அடியில் தரையெல்லாம் பொடியாகக் கிடக்கும், அப்புறம் யாரிடம் கொடுத்தும் பயனில்லை. ‘கைவேலை’ என்று சொல்லி முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கேட்டால், அந்தத் துணியைக் காட்டிப் பேசுங்கள்.

அடுத்தது நூல். ஆள் நடமாட்டம் உள்ள அறைக்கு என் ஓட்டு கம்பளிக்குத்தான். ஆட்டு ரோமத்தில் உள்ள எண்ணெய்ப்பசை கொட்டிய தண்ணீரை உடனே உள்ளே விடாது. துணி எடுத்துவர நேரம் கிடைக்கும். புதிதில் பஞ்சு பஞ்சாக உதிரும், பயப்பட வேண்டாம், சில மாதங்களில் அடங்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழையில் கறை எளிதில் ஏறாது. ஆனால் எண்ணெய் பட்டால் போகாது, சோபா கால் அழுத்திய பள்ளமும் எழும்பாது. சணல் பார்க்க அழகு, ஈரம் மட்டும் ஆகாது. பட்டு மாதிரி மின்னுகிற, மரக்கூழில் செய்த விஸ்கோஸ் இழையை நான் யாருக்கும் சொல்வதில்லை. நனைந்தால் நூல் வலுவிழக்கும், தண்ணீர் சொட்டிய இடம்கூட விறைத்து மஞ்சளாகும். ஆர்ட் சில்க், பேம்பூ சில்க் என்று விற்பதும் பெரும்பாலும் இதேதான்.

சந்தேகமா? ஒரு நூலை உருவி, கம்பளத்திலிருந்து தள்ளிப்போய்க் கொளுத்துங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் ஆறியதும் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம் போல எரியும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோபாவின் முன்கால்களாவது மேலே நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு என்றால் நாலு பக்கமும் 60 சென்டிமீட்டராவது கூடுதல் வேண்டும். இல்லையென்றால் நாற்காலியைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் கால் விளிம்பில் சிக்கும்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. இனி எதிரி மண்தான். பொடி மணல் அடிவரை இறங்கிவிடும், ஒவ்வொரு மிதிக்கும் நூலின் வேரை அறுக்கும். மேல்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு மூலையை மடித்து, கீழே வெள்ளைத் தாள் வைத்துப் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கொட்டுவதைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் வாக்குவம் வைத்து, உதிர்ந்ததைப் பெருக்கிவிட்டு, அப்புறம் மேல்பக்கம் வையுங்கள். சுழலும் பிரஷை நிறுத்திவிட வேண்டும். குஞ்சத்தின் பக்கமே மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் வெயிலும் மிதியும் எல்லா இடத்திலும் சமமாக விழும்.

ஏதாவது கொட்டிவிட்டால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் நூல் நுனி பிரிந்து பிசிறாகும். கறை போனாலும் அந்தத் திட்டு போகாது. கெட்டியாக இருப்பதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்துங்கள். துணியின் மேல் ஏறி நின்றாலும் தப்பில்லை. துணி உலர்ந்தே வரும்வரை மாற்றி மாற்றி அழுத்திவிட்டு, குளிர்ந்த நீரைக் கொஞ்சமாகத் தொட்டு மறுபடி அதையே செய்யுங்கள். வெந்நீர் வேண்டாம், பால், முட்டை, ரத்தக் கறையை அது நிரந்தரமாக்கிவிடும். கம்பளியில் ப்ளீச் ஊற்றினால் நூலே கரையும். துணி துவைக்கும் தூளின் காரமும் கம்பளிக்கு ஆகாது. தண்ணீர் தொடுமுன் பின்மூலையில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்போ கருநீலமோ ஒட்டிவந்தால் நிறுத்திவிடுங்கள், அது வீட்டு வேலை இல்லை.

பலர் கோட்டைவிடுவது காய்வதில். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பருத்திப் பாவு இன்னும் ஈரத்தோடு இருக்கும். அப்படியே தரையில் போட்டால் பூஞ்சை பிடித்து, நூல் இற்றுப்போய், பிறகொரு நாள் மடிக்கும்போது படக்கென்று கிழியும். இரண்டு நாற்காலியின் மேல் போட்டு, அடியில் ஃபேன் காற்று படும்படி விடுங்கள்.

அந்து இன்னொரு தொல்லை. பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். சோபாவுக்கு அடியில் இரண்டும் உண்டு. ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தவற்றில் மிகப் பழைய முடிச்சுக் கம்பளத்தை 1949-இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்தார்கள். வயது 2,300 ஆண்டுகளுக்கு மேல், டிசைன் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அது கிடந்தது உறைந்த பனிக்குள். அங்கே அந்து ஏது, மிதிக்க ஆள் ஏது? நமக்கு அந்த வசதி இல்லாததால் மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தியே ஆக வேண்டும். நூலாம்படை மாதிரி இழையோ மணல்மணியாக எச்சமோ தென்பட்டால் இரு பக்கமும் வாக்குவம் வைத்து, அந்தத் தூசிப் பையை உடனே வீட்டுக்கு வெளியே எறியுங்கள்.

எடுத்து வைப்பதென்றால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, நூல் படிந்திருக்கும் திசையிலேயே சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பில் விரியும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், பழைய பருத்திப் போர்வை போதும். மேலே எதையும் அடுக்காதீர்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து உதறிவிட்டு மறுபடி சுருட்டுங்கள்.