பெசோவும் ரியாலும்: பழைய மாற்று விகிதங்களைப் படிப்பதில் நேரும் தவறுகள்

1994 ஜூலை 1 அன்று பிரேசில் ரியால் என்ற புதிய நாணயத்தை வெளியிட்டது. அதுவரை புழங்கிய குருசேய்ரோ ரியால் 2.750 கொடுத்தால் ஒரு ரியால். இந்த எண்ணை நான் முதன்முதலில் அட்டவணையில் ஏற்றியபோது கணினி அதை இரண்டே முக்கால் என்று எடுத்துக்கொண்டது. பிரேசிலிலும், பெசோ புழங்கும் அர்ஜென்டினாவிலும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. அந்த எண் உண்மையில் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. ஒரே ஒரு புள்ளியால் நான் தொகுத்த வரிசை முழுவதும் ஆயிரம் மடங்கு பிசகிப்போனது.

அந்தப் பிழையாவது கண்ணில் பட்டுவிடும். பெயரை நம்பி ஏமாறுவது அதைவிட மோசம். குருசேய்ரோ என்ற பெயரைப் பிரேசில் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறது: 1942 முதல் 1967 வரை, 1970 முதல் 1986 வரை, 1990 முதல் 1993 வரை. இடையிடையே குருசாடோ, குருசாடோ நோவோ என்று பெயர் மாறியது. பெரும்பாலான மாற்றங்களில் மூன்று சுழியங்கள் வெட்டப்பட்டன, அதாவது பழைய ஆயிரம் புதிய ஒன்றானது. 1992-ன் குருசேய்ரோவை ரியாலாக்க இருபத்தேழரை லட்சத்தால் வகுக்க வேண்டும். 1985-ன் குருசேய்ரோவையோ இரண்டே முக்கால் லட்சம் கோடியால் வகுக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு!

அர்ஜென்டினாவின் கதையும் இதேதான். 1970-ல் இரண்டு சுழியங்கள் போயின, 1983-ல் நான்கு, 1985-ல் ஆஸ்திரால் என்ற நாணயம் வந்தபோது மூன்று, 1992 ஜனவரி 1 அன்று மீண்டும் நான்கு. ஆக, இன்றைய பெசோ ஒன்று 1969-ன் பெசோ பத்து லட்சம் கோடிக்குச் சமம். 1980-களின் விகிதத்தை இன்றைய பெசோவிலும் ரியாலிலும் தரும் வரைபடம் எதைப் பார்த்தாலும், அன்று அந்த இரண்டு நாணயங்களுமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அது யாரோ பின்னாளில் வகுத்துப் போட்ட கணக்கு. எதால் வகுத்தார்கள் என்று தெரியாமல் அதை எடுத்தாள வேண்டாம். ஒப்பிட வேண்டுமென்றால் 1994 ஜூலையிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

அங்கிருந்து தொடங்கினாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. 1994 ஜூலையில் பெசோவும் ரியாலும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. 2002 அக்டோபரிலும் கிட்டத்தட்ட அதே நிலை. இந்த இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து, எட்டு ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. முதல் முறை இரண்டுமே ஒரு டாலருக்கு நிகராக நின்றன. இரண்டாம் முறை ஒரு டாலருக்கு இரண்டிலுமே நான்கைத் தொடும் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

நடுவில் நடந்தது இது: 1999 ஜனவரியில் பிரேசில் ரியாலைச் சந்தையின் போக்கில் விட்டது. டாலருக்கு 1.21 ஆக இருந்த ரியால் அந்த மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ 2 ஆனது. பெசோ டாலரோடு ஒன்றுக்கு ஒன்று என்று சட்டத்தால் கட்டப்பட்டிருந்ததால் அசைய முடியவில்லை. அர்ஜென்டினாவின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தையே பிரேசில்தான். அங்கே அதன் சரக்கு ஒரே மாதத்தில் கட்டுப்படியாகாத விலைக்குப் போனது. 2002 ஜனவரியில் அந்தக் கட்டும் அறுந்தது, பெசோ சரிந்தது. ஆகவே, இரு நாணயங்களின் விகிதத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்திலேயே இரண்டின் டாலர் விகிதத்தையும் வைத்துப் பாருங்கள். பெசோ–ரியால் விகிதமே பெரும்பாலும் அந்த இரண்டையும் வகுத்துப் பெறுவதுதான்.

அடுத்து, எந்த விகிதம் என்ற கேள்வி. 2011 முதல் 2015 வரையிலும், பிறகு 2019 முதல் 2025 வரையிலும் அர்ஜென்டினாவில் டாலர் வாங்கக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. அரசு விகிதம் ஒரு பக்கம். புவனோஸ் ஐரிஸின் ஃபுளோரிடா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' (பணமாற்று) என்று கூவி அழைப்பவர்கள் தரும் 'புளூ' என்ற கறுப்புச் சந்தை விகிதம் இன்னொரு பக்கம். 2023 அக்டோபரில் அரசு விகிதப்படி டாலர் 350 பெசோ, தெருவில் 1,000-ஐத் தாண்டியிருந்தது. ரியாலின் டாலர் விகிதத்தால் வகுத்தால் ஒரு ரியாலுக்கு ஒன்றில் சுமார் 70 பெசோ, மற்றதில் சுமார் 200. சுற்றுலாப் பயணி ஒருவரின் செலவைக் கணக்கிட முதலாவதையும், ஏற்றுமதிக் கணக்குக்கு இரண்டாவதையும் எடுத்தால் இரண்டுமே தவறாகிவிடும்.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று அரசு விகிதம் 366-லிருந்து 800-க்குத் தாவியது. டாலர் 118 சதவீதம் ஏறியது என்றும், பெசோ 54 சதவீதம் வீழ்ந்தது என்றும் செய்திகள் வந்தன. இரண்டும் ஒரே நிகழ்வு, இரண்டும் சரி. பெசோ 118 சதவீதம் வீழ்ந்தது என்று எழுதுவதுதான் பிழை. நூறு சதவீதத்துக்கு மேல் எந்த நாணயமும் வீழ முடியாது.

சராசரியிலும் இதே கவனம் வேண்டும். ஒரு நாள் ஒரு ரியாலுக்கு 75 பெசோ, மற்றொரு நாள் 160 என்றால் சராசரி 117.5. அதையே திருப்பி, ஒரு பெசோவுக்கு எத்தனை ரியால் என்று சராசரி எடுத்து மீண்டும் திருப்பினால் 102 வருகிறது. எந்தத் திசையில் எடுத்தீர்கள், மாதச் சராசரியா, மாதக் கடைசி நாள் விகிதமா என்று எண்ணின் அருகிலேயே எழுதிவிடுங்கள். 2023 டிசம்பர் போன்ற மாதத்தில் இவை வெகுதூரம் விலகி நிற்கும்.

இரு நாட்டு வணிகப் பட்டியல்களைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2008 அக்டோபரிலிருந்து இரு மத்திய வங்கிகளும் உள்ளூர் நாணயத்திலேயே பணம் செலுத்தும் ஏற்பாட்டை நடத்திவருகின்றன. அதற்கான விகிதத்தைப் பிரேசில் மத்திய வங்கி வெளியிடும் 'பிடாக்ஸ்' என்ற டாலர் விகிதத்தையும் அர்ஜென்டினா மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தையும் வகுத்து அறிவிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் வழியே பணம் போயிருந்தால், நாமாக வகுக்காமல் அந்த நாளுக்கு அவர்கள் அறிவித்த விகிதத்தையே எடுக்க வேண்டும்.