வெள்ளைப் பெட்டியும் நண்டு ஓடும்: மினிமலிஸ்ட், எக்ஸ்பிரஸிவ் கட்டிடங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் அருகே புவாஸியில் ஒரு வெள்ளைப் பெட்டி வீடு இருக்கிறது. மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் அந்த வீட்டுக்கு நாலு பக்கமும் பட்டையாக ஓடும் ஜன்னல், தட்டையான மொட்டைமாடி. கிழக்கு பிரான்சில் ரோன்ஷாம்ப் என்ற ஊரின் குன்றின் மேல் ஒரு சிற்றாலயம். சாய்ந்து நிற்கும் தடித்த சுவர்கள், நண்டு ஓட்டைப் பார்த்துத் தோன்றிய கூரை, இஷ்டத்துக்குச் சிதறினாற்போல் சின்னச் சின்ன ஜன்னல்கள். முதலாவதை மினிமலிஸ்ட் (வேண்டாததையெல்லாம் கழித்த எளிமை) என்றும் இரண்டாவதை எக்ஸ்பிரஸிவ் (உணர்ச்சியை உருவத்திலேயே காட்டுவது) என்றும் பிரித்துவிட்டு, வரைந்தவர்களும் எதிரெதிர் கட்சிக்காரர்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டையும் வரைந்தவர் ஒரே கட்டிடக் கலைஞர், லெ கொர்பூசியே. வில்லா சவோய் என்ற அந்த வெள்ளைப் பெட்டி 1931இல் முடிந்தது, ரோன்ஷாம்ப் 1955இல்.

ஆளை வைத்துப் பாணியைப் பிரிப்பதுதான் முதல் தவறு. எளிமைக்கே பெயர்போன கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, 1926இல் பெர்லினில், கொல்லப்பட்ட இடதுசாரித் தலைவர்களான ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்க்னெக்ட் நினைவாக ஒரு செங்கல் சின்னம் வடிவமைத்தார். முன்னும் பின்னுமாக முரட்டுத்தனமாகத் துருத்தி நிற்கும் செங்கல் பாளங்கள்; கோபமும் துக்கமும் கலந்த உருவம். நாஜிகள் அதை இடித்துவிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே மனிதர், பளிங்கும் கண்ணாடியும் மெல்லிய தூண்களுமாக அத்தனை அமைதியான பார்சிலோனா மண்டபத்தைக் கட்டினார். முதலில் எளிமை வந்தது, அது சலித்துப்போய் வளைவும் நெளிவும் வந்தன என்று கால வரிசை போடுவதும் இதனால்தான் பிசகுகிறது. எரிக் மெண்டல்சோன் போட்ஸ்டாமில் கட்டிய ஐன்ஸ்டைன் கோபுரம், களிமண்ணில் பிசைந்தெடுத்தது போன்ற அந்த உருவம், பார்சிலோனா மண்டபத்துக்கு மூத்தது.

இரண்டாவது தவறு நம் ஊர் வீட்டுக்காரர்களையும் கடிக்கக்கூடியது: எளிமையாக இருந்தால் செலவும் வேலையும் குறையும் என்ற நம்பிக்கை. எந்த மேஸ்திரியிடமும் கேட்டுப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஸ்கர்ட்டிங் பட்டை ஒட்டுவது அழகுக்கு மட்டுமல்ல. பூச்சு கொஞ்சம் கோணியிருந்தால் அந்தப் பட்டை மறைத்துவிடும். கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் மரப்பட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இந்தப் பட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டால் ஒவ்வொரு விளிம்பும் நூல் பிடித்தாற்போல் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் வெறும் சுவரில் கண்ணை உறுத்தும். ஆக, குறைந்தது மறைக்கும் வசதிதான், வேலை கூடியிருக்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மீஸ் கட்டி 1951இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு இதற்கு நல்ல சாட்சி. எட்டு இரும்புத் தூண்கள், இரண்டு பலகைகள், சுற்றிலும் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் தூணும் விட்டமும் சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பே தெரியாமல் வழித்து, வெள்ளை பெயின்ட் பூசினார்கள். செலவு ஏறி, வீட்டுக்காரருக்கும் மீஸுக்கும் நடந்த தகராறு நீதிமன்றம் வரை போனது. காற்றோட்டத்துக்குக் கதவையும் ஒரு கோடியில் இரண்டு சிறு ஜன்னல்களையும் விட்டால் வேறு வழியில்லை, கோடையில் வெந்தது. ஆற்றங்கரை என்பதால் தரையைத் தூண்களின் மேல் உயர்த்தியிருந்தும் வெள்ளம் உள்ளே புகுந்திருக்கிறது. 1996 வெள்ளம் கண்ணாடியையே உடைத்தது. இத்தனைக்கும் பிறகு அந்த வீடு அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்த அழகு எத்தனை உழைப்பாலும் எத்தனை அசௌகரியத்தாலும் வாங்கப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்லாத ஒப்பீடு அரைகுறை.

எளிமை நேர்மையானது, மற்றது வேஷம் என்பார்கள். நியூயார்க்கில் 1958இல் முடிந்த சீக்ராம் கட்டிடத்தின் முகப்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் வெண்கலப் பட்டைகள் கட்டிடத்தின் பாரத்தைத் தாங்குவதே இல்லை. உண்மையான இரும்புச் சட்டம் தீப்பாதுகாப்பு விதிப்படி கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே நினைவூட்டத்தான் அந்தப் பட்டைகள். ஐன்ஸ்டைன் கோபுரமோ ஒரே வார்ப்பில் ஊற்றிய கான்கிரீட் போலத் தெரிந்தாலும் பெரும்பகுதி செங்கல்லும் பூச்சும்தான். நேர்மையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வளைந்த வடிவம் என்றாலே மனம்போன போக்கு என்று ஒதுக்குவது இதற்கு எதிர்ப்பக்கத் தவறு. சிட்னி ஓபரா ஹவுஸுக்கான போட்டியில் 1957இல் யோர்ன் உட்சன் வென்றபோது அவர் வரைந்த, சிப்பி ஓடு போன்ற கூரைகளுக்குச் சரியான வடிவக்கணிதம் இல்லை, கட்டும் வழியும் தெளிவாகவில்லை. அவரும் ஓவ் அரூப் நிறுவனப் பொறியாளர்களும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 1961 வாக்கில் கிடைத்த விடை: எல்லா ஓடுகளையும் ஒரே அளவுள்ள ஒரு கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக வைத்துக்கொள்வது. வளைவு எங்கும் ஒன்றே என்பதால் கான்கிரீட் விலா எலும்புகளை ஒரே வகை அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. பாய்மரங்கள் போலத் துள்ளும் அந்த உருவத்துக்குள் எந்தப் பெட்டிக் கட்டிடத்துக்கும் குறையாத சிக்கனமான விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 1973இல் திறக்கும்போது 10 கோடியைத் தாண்டியது உண்மை. ஆனால் முழுப் பழியையும் வளைவின் மேல் போடக்கூடாது. வரைபடம் முடிவதற்கு முன்பே அரசு அவசரப்பட்டு வேலையைத் தொடங்கியதும் காரணம்.

ரோன்ஷாம்ப் கூரையும் அப்படித்தான். உள்ளே கூடாக இருக்கும் அதன் எடையைச் சுவருக்குள் மறைந்த கான்கிரீட் தூண்கள் தாங்குகின்றன. அதனால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இடுக்கு விட முடிந்தது. அதன் வழியே வெளிச்சம் கசிய, பாரமான கூரை மிதப்பதாகத் தோன்றும். சுவர்களில் போரில் இடிந்த பழைய ஆலயத்தின் கற்களை நிரப்பினார்கள். கூரையில் விழும் மழை முழுவதும் மேற்கே ஒரே தூம்பில் வந்து கீழே தொட்டியில் கொட்டுகிறது. ஒழுங்கான பெட்டியான வில்லா சவோயிலோ கூரை ஒழுகி, வீட்டுக்கார அம்மாள் லெ கொர்பூசியேவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்.

இனி எல்லாவற்றையும்விட எனக்கு ஆதங்கம் தரும் தவறு: படத்தில் தெரியும் முகப்பை மட்டும் வைத்து ஒப்பிடுவது. ஆரோவில்லின் மாத்ரிமந்திர் வெளியே தங்கத் தகடுகள் பதித்த பெருங்கோளம். எக்ஸ்பிரஸிவ் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். உள்ளே போனால் வெள்ளை அறை, வெள்ளைத் தூண்கள், நடுவில் ஒரு படிகக் கோளம், மேலிருந்து அதன்மேல் இறங்கும் ஒற்றைச் சூரியக் கதிர். அத்தனை குறைவான அறையை எந்த மினிமலிஸ்டும் பொறாமையோடு பார்ப்பார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. 1937இல் வேலை தொடங்கியது. அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு, ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்சுவா சாமரும் கூடவே நின்று கட்டினார்கள். சாம்பல் நிறக் கான்கிரீட், ஆபரணம் எதுவும் கிடையாது. ஆனால் நீளவாக்கில் வடக்கும் தெற்கும் பார்க்கும் முகப்புகளில் கண்ணாடியே இல்லை. திறந்து மூடும் கிடைப்பலகைகள்தான் சுவர். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்கள் இடுக்கு விட்டு நிற்கின்றன, கதவைச் சாத்தினாலும் காற்று ஓடும். கூரைத் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பதால் வெயில் நேரே தளத்தைச் சுடுவதில்லை.

சன்ஷேடை எடுத்துவிட்டு, மேற்கு வெயிலுக்குக் கண்ணாடியைக் காட்டி, ஏசியை நம்பி நிற்கும் வெள்ளைப் பெட்டிகளையும் நாம் மினிமலிஸ்ட் எலிவேஷன் என்றே அழைக்கிறோம். இரண்டு ஐப்பசி மழை போனால் ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோடு இறங்கிவிடும். படத்தில் இவையும் கோல்கொண்டேயும் ஒரே குடும்பம் போலத் தெரியலாம். மே மாத மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போனபின் உள்ளே உட்கார்ந்து பார்த்தால், கூரையையும் சுவரையும் உள்ளே இருப்பவருக்காக யோசித்துக் கட்டிய கோல்கொண்டே அந்தப் பெட்டிகளைவிட ரோன்ஷாம்புக்குத்தான் நெருங்கிய உறவு.