ஃப்ளோரா கையில் வாளைக் கொடுக்காதீர்கள்: ஸ்காட்லாந்துச் சரித்திர நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரித்திர நாவல் படித்தே வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீரப்பெண் என்றால் குதிரை, இடுப்பில் குறுவாள், மூன்றாம் அத்தியாயத்தில் மாறுவேடத்தில் வருகிற இளவரசனோடு காதல். ஃப்ளோரா மெக்டொனால்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நானும் அதைத்தான் செய்தேன், நாற்பது பக்கம் தாண்டிய பிறகு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம்.

கதை தெரியாதவர்களுக்கு: 1745இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ், தன் தந்தைக்கு பிரிட்டிஷ் அரியணையை மீட்டுத்தர ஸ்காட்லாந்தில் வந்து இறங்கிப் படை திரட்டினார். 1746 ஏப்ரல் 16இல் கல்லோடன் போரில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. அவரைப் பிடித்துக் கொடுத்தால் 30,000 பவுண்டு. தீவு தீவாக ஒளிந்து திரிந்தவரை 'பெட்டி பர்க்' என்ற ஐரிஷ் வேலைக்காரியாக வேடம் போடவைத்து, ஜூன் 28 இரவு பென்பெகுலா தீவிலிருந்து ஸ்கை தீவுக்குப் படகில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் ஃப்ளோரா.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, இதை ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டையாக எழுதுவது. கல்லோடனில் அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். ஆன் மெக்கின்டாஷ் இளவரசருக்காக ஆள் திரட்டினாள், அவள் கணவரோ அரசுப் படையில் கேப்டன். இளவரசர் கத்தோலிக்கர், ஃப்ளோராவோ பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபை. எல்லாவற்றுக்கும் மேலாக, இளவரசரைத் தேடிக்கொண்டிருந்த உள்ளூர் அரசுப் படையின் கேப்டன்களில் ஒருவர் ஃப்ளோராவின் மாற்றாந்தகப்பன். பெட்டி பர்க்குக்கும் சேர்த்து பயண அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தவரே அவர்தான்! ஸ்கையில் இருந்த மனைவிக்கு அவர் கொடுத்தனுப்பிய கடிதத்தில், இந்தப் பெண் நன்றாக நூல் நூற்பாளாம், உனக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள் என்று எழுதினார். இப்படி ஒரு மனிதர் கிடைத்திருக்கும்போது வில்லனை எதற்குக் கற்பனையில் தேடுகிறீர்கள்?

அப்புறம் அந்த வீரம். ஃப்ளோரா யாரையும் வெட்டவில்லை. கேட்டவுடன் துள்ளி எழுந்து சம்மதிக்கவும் இல்லை, தயங்கினாள், தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து வரும் என்று பயந்தாள். ஏற்பாடு செய்யப் புறப்பட்ட வழியிலேயே சீட்டு இல்லையென்று காவலில் இருந்தவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள், மறுநாள் மாற்றாந்தகப்பன் வந்துதான் விடுவித்தார். எனக்குப் பிடித்த இடம் படகு ஏறும் முன் நடந்தது. பாவாடைக்குள் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்கிறேன் என்று இளவரசர் அடம்பிடிக்கிறார், சோதனை போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று இவள் மறுக்கிறாள். அந்த அளவுக்குச் சோதித்தால் துப்பாக்கி இல்லாமலே நான் யாரென்று தெரிந்துவிடுமே என்று அவர் சிரிக்கிறார். கடைசியில் துப்பாக்கி போகவில்லை. என் பழைய பிரதியில் இந்த இடத்தில் அவளே துப்பாக்கியை எடுத்து நீட்டினாள், நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காதல்? வேண்டாம். இருவரும் அறிமுகமாகி, ஸ்கை தீவின் போர்ட்ரீ ஊரில் பிரியும் வரை இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடலாம், நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு. எஜமானி வேலைக்காரியை 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்நியர்கள் முன்னால் ஃப்ளோரா 'வாருங்கள் பெட்டி' என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. தனியே இருக்கும்போது 'நீங்கள்', ஆள் வந்தால் 'ஏய், அந்த மூட்டையை எடு'. இந்த மாற்றத்தை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் பதற்றத்தைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. இளவரசர் வேடத்தில் ரொம்பக் கெட்டிக்காரரும் இல்லை. ஸ்கையில் நடந்து போகும்போது இந்த வேலைக்காரி எவ்வளவு பெரிய எட்டு வைக்கிறாள் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஓர் ஓடையைக் கடக்கும்போது பாவாடையை அளவுக்கு மீறித் தூக்கினார், கூட வந்தவர்கள் கடிந்துகொண்டதும் அடுத்த ஓடையில் தண்ணீரிலேயே இழுபட விட்டார்.

தேதி விஷயத்தில் கவனம். பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் 11 நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இது தெரியாமல் பிரான்சிலிருந்து கடிதம் வரவைத்தால், எழுதிய தேதிக்கு முன்பே அது கையில் கிடைத்துவிடும். ஜூன் 28 என்பது இன்றைய கணக்கில் ஜூலை 9. அவ்வளவு வடக்கே அந்த மாதத்தில் நள்ளிரவிலும் வானம் முழுதாக இருட்டாது. அன்று மழையும் மூடுபனியும் இருந்தன, அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், 'கும்மிருட்டு' மட்டும் வேண்டாம்.

உடை பற்றி இரண்டு வரி போதும். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் போட்ட துணி என்ற கறாரான ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் வந்தது, துணியைப் பார்த்து எதிரியை அடையாளம் காண்கிற காட்சி அடிபட்டுப் போகும். மலைநாட்டு உடைக்கு 1747இல் வந்த தடையும் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான், அதற்காக ஃப்ளோராவைக் கைது செய்யாதீர்கள்.

எங்கே முடிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். போர்ட்ரீயில் விடைபெற்றதோடு முற்றும் போட்டால் பாதி வாழ்க்கைகூட வராது. அவள் கைதானாள், கப்பலிலும் லண்டனிலும் காவலில் இருந்து 1747இல் பொதுமன்னிப்பில் விடுதலையானாள், 1750இல் ஆலன் மெக்டொனால்டை மணந்தாள், 1774இல் குடும்பத்தோடு வட கரோலினாவுக்குக் குடிபோனாள். அங்கே அமெரிக்கப் புரட்சி வெடித்தபோது இந்தக் குடும்பம் நின்றது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பக்கம். எந்த மன்னரை இறக்க சார்லஸ் வந்தாரோ அவருடைய பேரன்! 1776 பிப்ரவரியில் மூர்ஸ் க்ரீக் பாலத்தில் தோற்று ஆலன் சிறைப்பட்டார், அவள் 1779இல் கப்பலேறி 1780இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினாள், 1790இல் ஸ்கையில் இறந்தாள். இளவரசர் படுத்த விரிப்பில் சுற்றித்தான் அவளை அடக்கம் செய்தார்கள் என்று சொல்வார்கள். அதைக் கடைசிக் காட்சியாக வைக்கக் கை துடிக்கும். நான் அந்த விரிப்பை விட்டுவிட்டு, கணவன் சிறையில் இருக்க, கரோலினாவில் அவள் தனியாகக் கழித்த நாட்களை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.