ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி?

'பொங்கல் விழா' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் வகுப்பில் எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரைதான் வரும். முன்னுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருக்கும், எழுதிய பிள்ளையை மட்டும் காணோம். புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள் கீழே உள்ளபடி செய்து பாருங்கள். இரண்டு பீரியட் போதும்.

படி 1: சின்னத் தலைப்பு

உங்களுக்குத் தெரியாத, பிள்ளைக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். ஈரோட்டுப் பக்கம் என்றால் மஞ்சளை வேகவைத்துக் காயப்போடுவது, பவானியில் ஜமக்காளத் தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அப்பாருவோடு (தாத்தாவோடு) வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போய்வந்த பையன் இருந்தால் விட்டுவிடாதீர்கள். 'சந்தை' என்று தலைப்புக் கொடுத்தால் பழைய கதைதான். 'துண்டுக்குள் கையை விட்டு எப்படி விலை பேசுகிறார்கள்?' என்று கேளுங்கள்.

இரண்டு மூன்று தலைப்பாவது கொடுக்க வேண்டும். வீட்டைப் பற்றி எழுதக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு. திருப்பூர்ப் பள்ளிகளில் வடமாநிலக் குழந்தைகளும் படிக்கிறார்கள். அவர்கள் ஊரிலிருந்து ரயிலில் வந்த கதையை முதலில் படமாக வரையட்டும்.

படி 2: எழுதும் முன் பேச்சு

ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981-ல் சொன்ன முறை இது: தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அப்புறம் வகுப்புக்குச் சொல். ஒரு நிமிடம் யோசிக்க, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச. கேட்பவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மிஸ்" என்று நிற்கும் பிள்ளைகூட, "மாடு எத்தனைக்குப் போச்சு?" என்று கூட்டாளி கேட்டதும் கொட்டிவிடும். நேரமில்லை என்று இந்தப் படியைத் தாண்டினால் மற்றதெல்லாம் வீண்.

படி 3: ஐந்து நிமிட எழுத்து

பேனா நிற்கக் கூடாது. எழுத்தில் சந்தேகம் வந்தால் வட்டம் போட்டுவிட்டு மேலே போகட்டும். அப்பாரு, அம்முச்சி (அம்மாவின் அம்மா), கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்) என்று வீட்டில் பேசும் சொல்லெல்லாம் வந்தபடியே இருக்கட்டும். நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள்.

படி 4: சிவப்பு மையை ஓரம் வையுங்கள்

முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். பக்கமெல்லாம் சுழித்துக் கொடுத்தால் அடுத்த முறை நாலே வரிதான் வரும். இந்த வாரம் ர, ற மட்டும் திருத்துகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மற்றபடி ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் போதும். 'அப்பாரு மாட்டின் பல்லைப் பார்த்தார்' என்று எழுதியிருந்தால், 'பல்லில் என்ன தெரியும்?' என்று கேளுங்கள். ரெண்டு பல், நாலு பல் என்று வயதைக் கணக்கிடுவது முழுவதும் அடுத்த வரைவில் வந்துவிடும். ஒரே நாளில் எல்லா நோட்டையும் பார்க்க வேண்டாம், தினம் பத்து பாருங்கள்.

படி 5: வாசிக்க ஆள்

திருத்தி எழுதியதைச் சுவரில் ஒட்டலாம், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்க வைக்கலாம். அதைவிட, வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அப்பாருவிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்தையும் நோட்டில் சேர்த்து எழுதி வரச் சொல்லுங்கள்.