பி.எம். வாணி வைஃபை போடப் போகிறீர்களா? நான் விட்ட காசை நீங்களும் விடாதீர்கள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "அண்ணே, நீங்க வைஃபை விக்கிறீங்களாமே, நாங்களும் போடலாம்னு இருக்கோம்" என்றார்கள். அதில் இரண்டு பேர் கையில், 2022-ல் நான் ஏமாந்த அதே மாதிரிக் கொட்டேஷன். பார்த்ததும் வயிறு எரிந்தது. பாஸ்வேர்டை மாற்று, பில்லைப் பத்திரமாக வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் செய்த, பக்கத்தில் பார்த்த தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. பழைய எஸ்.டி.டி. பூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பிசிஓ, இது பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்), அதாவது வைஃபை விற்கிற கடை. டீக்கடையோ மளிகைக்கடையோ ஒரு இணைப்பை வாங்கி, ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வைஃபையாகப் பிரித்து விற்கலாம். மொத்தமாக ரீசார்ஜ் செய்யக் கையில் காசில்லாதவர்கள் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். யார் உள்ளே வந்தார், எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கணக்கை பிடிஓஏ எனப்படும் அக்ரிகேட்டர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

லைசென்ஸுக்குப் பணம் கொடுப்பது

பிடிஓவுக்கு லைசென்ஸும் இல்லை, பதிவும் இல்லை, அரசுக்குக் கட்டணமும் இல்லை. கேட்கிறவன் புரோக்கர்.

லீஸ்டு லைனில் கையெழுத்துப் போடுவது

இங்கேதான் நான் விழுந்தேன். ஒரு இணைய நிறுவனத்தின் ஆள் வந்து, "வீட்டு பைபர் பிளானை நீங்க வெளியே விக்கக் கூடாது சார், கமர்ஷியல்னா லீஸ்டு லைன்தான்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. வீட்டு பிளானை எடுத்து மறுவிற்பனை செய்ய அந்த நிறுவனத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு அவர் காட்டிய வழி, பேங்க்குக்கும் பெரிய கம்பெனிக்கும் போடுகிற, முழு வேகத்தையும் ஒருவருக்கே ஒதுக்கிக் கொடுக்கிற லைன். 10 எம்பிபிஎஸ்ஸுக்கு வருடம் 96,000 ரூபாய், ஒரு வருடப் பணம் முன்கூட்டியே. என் வீட்டில் ஓடிய பைபர் அதைவிடப் பல மடங்கு வேகம், மாதம் ஐந்நூறு சொச்சம்தான்.

கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். மாதம் 8,000 என்றால் பத்து ரூபாய் கூப்பன் 800 விற்றால்தான் லைன் காசே தேறும், அதாவது நாளைக்கு 27. அக்ரிகேட்டரின் பங்கு, கரண்ட் பில் எல்லாம் அதற்கு மேல். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய என் கடையில், ஆன்லைன் அட்மிஷன் நேரத்தில், ரொம்ப நல்ல நாளில் விற்றது 19. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், கொடுத்த முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால். அந்த வரியை நான் படித்தது ஆறாவது மாதம்.

என் ஒருவன் கதை மட்டும் இல்லை இது. 2022-க்குள் நாடு முழுக்க ஒரு கோடி பொது வைஃபை ஹாட்ஸ்பாட் என்று 2018 தொலைத்தொடர்புக் கொள்கை இலக்கு வைத்தது, அதன் பக்கத்தில்கூட வரவில்லை. காரணம் தேடிய டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பிடிஓக்களின் தலையில் லீஸ்டு லைன் செலவு விழுவதைச் சுட்டிக்காட்டி, 2025 ஜூனில் உத்தரவு போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு பைபர் பிளான்களை நிறுவனங்கள் பிடிஓவுக்கும் கொடுக்க வேண்டும், அதே வேகத்துக்கு வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஐந்நூறு ரூபாய் பிளான் என்றால் அதிகபட்சம் ஆயிரம். மாதம் நூறு கூப்பன் போதும், என் கடையிலேயே தேறும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே பழைய கொட்டேஷன் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் என்ன சொல்வது! ஆள் வந்தால், "பிடிஓவுக்கான பைபர் பிளான் என்ன விலை?" என்று மட்டும் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு மாறும்.

வீட்டு இணைப்பை ஓசைப்படாமல் விற்பது

பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் காசுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதில் யாரோ ஒருவன் வில்லங்கமாக ஏதாவது செய்தால், லைன் உங்கள் பெயரில் இருக்கிறது.

"அரசு இலவச வைஃபை" போர்டு

இலவசம் இல்லை, மலிவு. நான் ஒரு வாரம் வைத்திருந்தேன், ஏழு நாளும் சண்டை.

ரவுட்டரைக் கல்லாவுக்கு அடியில் வைப்பது

ஷட்டரை இறக்கினால் சிக்னல் செத்துவிடும். வெளியே சன்ஷேடுக்குக் கீழே.

யுபிஐ மட்டும் என்று அடம்பிடிப்பது

டேட்டா தீர்ந்துபோனதால்தானே அவர் உங்களிடம் வருகிறார், அவர் எப்படி இந்த வைஃபையில் நுழைவதற்கான ஆப்பை இறக்கி, ஜிபே போடுவார்? முதலில் இது எனக்கும் உறைக்கவில்லை. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்த அக்கா ஒருவர், பத்து ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டே நின்றார், நான் ஸ்கேன் பண்ணுங்க ஸ்கேன் பண்ணுங்க என்கிறேன். இப்போது என் போனிலிருந்து இரண்டு நிமிடம் ஹாட்ஸ்பாட் போட்டு ஆப்பை இறக்கிக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் காசாக வாங்கிக்கொண்டு கூப்பன். அந்த அக்கா இப்போது சில்லறையாகவே கொண்டு வருகிறார்.